பட்டப்பகலில் குவாண்டம் சாவி: வானொளி எங்கே நுழைகிறது?

குவாண்டம் சாவி என்பது தனித்தனி ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) பிட்டு பிட்டாக அனுப்பும் ரகசியச் சாவி. யாரேனும் ஒட்டுக்கேட்டால் பிட்டுகளில் பிழை கூடிக் காட்டிக்கொடுக்கும். அதைத் திறந்தவெளியில் அனுப்பும்போது, ஒரு லேசர் துடிப்பில் சராசரியாக 0.5 ஃபோட்டான் அளவே இருக்கும். ஒளி போதவில்லையென்று திறனைக் கூட்ட வழியில்லை. ஒரே துடிப்பில் பல ஃபோட்டான்கள் சென்றால், ஒட்டுக்கேட்பவர் ஒன்றை உருவிக்கொள்ளலாம். ஆக, வெயிலை எதிர்த்து நிற்க வேண்டியது அந்த அரை ஃபோட்டான்தான்.

கணக்குப் போட்டால் நிலைமை புரியும். பெறும் தொலைநோக்கியின் விட்டம் 20 செ.மீ., பார்வைக் கூம்பின் அரைக்கோணம் 50 மைக்ரோரேடியன், வடிகட்டியின் அகலம் 1 நானோமீட்டர் என்று கொள்வோம். பகல் வானின் ஒளிர்வு சதுர மீட்டர், ஸ்டெரேடியன், மைக்ரோமீட்டர் ஒன்றுக்கு 15 வாட் எனில், 850 நானோமீட்டரில் விநாடிக்கு ஏறத்தாழ 1.6 கோடி வானொளி ஃபோட்டான்கள் உள்ளே வரும். ஃபோட்டானை எதிர்பார்த்துத் திறந்திருக்கும் 1 நானோவிநாடி நேரச் சாளரத்துக்கு இது 0.016. பாதை இழப்பு 20 டெசிபல், அதாவது நூறில் ஒன்றே வந்துசேரும் என்றால் நம் சமிக்ஞையோ துடிப்புக்கு 0.005 தான்.

பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் தனித்தனி உணரிகள் உண்டு. வானொளி எந்த உணரியில் விழும் என்பது தற்செயல் என்பதால், அதில் ஏறக்குறைய பாதி தவறான பிட்டாகும். (சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானத்தின் ஒளி ஓரளவு தளவிளைவுற்றது, அதாவது பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வது, அங்கே சரிபாதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.) மேலே சொன்ன அமைப்பில் பிழை 38 விழுக்காட்டைத் தொடுகிறது. பரவலாகப் பயன்படும் குவாண்டம் சாவி நெறிமுறையான பிபி84 (BB84) தாங்கும் எல்லை 11 விழுக்காடு. "இந்தப் பிழை வெயிலால் வந்தது" என்று கழித்துவிடவும் முடியாது. எல்லாப் பிழையையும் ஒட்டுக்கேட்பவர் கணக்கிலேயே எழுத வேண்டும்.

எனவே வானொளி வரும் வாசலையே குறுக்க வேண்டும். அரைக்கோணத்தை 25 மைக்ரோரேடியனாக்கினால் வானொளி நான்கில் ஒன்றாகும், வடிகட்டியை 0.1 நானோமீட்டராக்கினால் பத்தில் ஒன்று, சாளரத்தை 0.5 நானோவிநாடியாக்கினால் பாதி. மொத்தம் 80 மடங்கு குறைந்து, பிழை ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்கு இறங்கும்.

ஆனால் அதே குறுகிய வாசலில் நம் ஃபோட்டானும் நுழைந்தாக வேண்டும். பெரும்பாலான அமைப்புகள் தடுமாறுவது இங்கேதான். வெயிலில் சூடேறிய காற்றின் கொந்தளிப்பு கற்றை வரும் கோணத்தைச் சில பத்து மைக்ரோரேடியன் அளவுக்கு ஆட்டிவிடும். வேகமாகத் திரும்பும் திருத்துக் கண்ணாடி இல்லையென்றால் ஒளிப்புள்ளி, பார்வைக் கோணத்தைக் குறுக்கும் ஊசித்துளையை விட்டு விலகிவிடும். லேசர் டையோடின் அலைநீளம் வெப்பத்தால் நகரும். அதிர்வெண் நிலைப்படுத்திய வகையிலேயே ஒரு பாகை செல்சியசுக்கு 0.06 நானோமீட்டர் அளவு. 0.1 நானோமீட்டர் வடிகட்டிக்கு இரண்டு பாகை மாற்றமே அதிகம். வடிகட்டி சற்றுச் சாய்ந்தாலும் அதன் மையம் குறுகிய அலைநீளப் பக்கம் போய்விடும். ஃபோட்டான் வந்த நேரத்தைக் குறிப்பதில் சிலிக்கன் உணரியின் தடுமாற்றம் சில நூறு பிக்கோவிநாடி. சாளரத்தை அதற்கும் கீழே குறுக்கினால் சமிக்ஞையைத்தான் வெட்டுகிறோம்.

அலைநீளத்தை மாற்றுவது இன்னொரு வழி. 1550 நானோமீட்டரில் காற்று மூலக்கூறுகளின் சிதறல் 850-ஐவிடப் பதினொரு மடங்கு குறைவு. சூரிய ஒளியும் அங்கே மெலிந்தது. 2017-இல் சீனக் குழுவொன்று 53 கி.மீ. தூரத்துக்குப் பகலில் செய்துகாட்டிய சோதனை இந்த அலைநீளத்தில்தான்.

நிலத்தில் அமைப்பவர்கள் அனுப்பும் கருவியின் பின்புறத்தைக் கவனிப்பது அவசியம். வெயில் படும் வெள்ளைச் சுவர் நீலவானத்தைவிடப் பிரகாசமானது. கருவிக்குப் பின்னே ஒரு கறுப்புப் பலகை வைப்பது நல்ல பலன் தரும். பிறகு லேசரை மூடிவிட்டு, அதே சாளரத்தில் விழும் எண்ணிக்கையைக் காலை, நண்பகல், மாலை என்று அளக்க வேண்டும். இயங்கும்போதும் துடிப்புகளுக்கு இடைப்பட்ட வெற்று நேரத்தில் இந்த எண்ணிக்கையைப் பார்க்கலாம். மேகம் பளிச்சிட்டு அந்த எண்ணிக்கை ஏறும் நிமிடங்களின் தரவைச் சாவியில் சேர்க்காமல் விட்டுவிடலாம்.