மணிக்கட்டில் 5 விநாடிக் குளிர்

மூன்று பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர், ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், நடுவில் குழாய்த் தண்ணீர். வலது கையை வெந்நீரிலும் இடது கையை ஐஸ் தண்ணீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் நடுப் பாத்திரத்தில் விடுங்கள். ஒரே தண்ணீர்தான், ஆனால் வலது கைக்கு ஜில்லென்று இருக்கும், இடது கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். எத்தனை டிகிரி என்பதைவிட எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத்தான் நம் தோல் கூர்ந்து கவனிக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் நான்கு பேர் இதை வைத்தே 'ரிஸ்டிஃபை' என்ற கருவியைச் செய்தார்கள். வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. 2013-இல் அங்கு நடந்த போட்டியில் முதல் பரிசு, 10,000 டாலர், அதற்குத்தான். கட்டடம் முழுவதையும் குளிரூட்டுவதற்குப் பதில் ஆளை மட்டும் குளிரூட்டினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

குளிரைத் தருவது பெல்டியர் தட்டு. இரண்டு வகைக் கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால், ஒரு சந்தி குளிரும், மறு சந்தி சூடாகும். 1834-இல் பிரான்ஸின் ழான் பெல்டியர் கண்டது. கடையில் கிடைக்கும் 4 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்குள் இப்படி 127 இணைகள் இருக்கும். கம்ப்ரசர் வேண்டாம், வாயுவும் வேண்டாம்.

மாணவர் குழுக்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால், தட்டு இறைக்கும் வெப்பமும் இரட்டிப்பாகும். ஆனால் மின்தடையால் தட்டுக்குள்ளேயே பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். அதில் ஏறக்குறைய பாதி குளிர்ந்த பக்கத்துக்கே திரும்பி வரும். அதனால் ஓர் அளவைத் தாண்டி மின்சாரம் கொடுக்கக் கொடுக்க, குளிர் குறையும். சூடான பக்கத்து வெப்பத்தைக் காற்றில் விடும் உலோகத் துண்டு, அதாவது ஹீட் சிங்க், சரியாக இல்லையென்றால், கொஞ்ச நேரத்தில் குளிர்ந்த பக்கமே சுட ஆரம்பித்துவிடும். அந்த நால்வரும் செம்புக் கலவையில் ஹீட் சிங்க் செய்தார்கள்.

அப்புறம், தோலின் குணத்தைப் பயன்படுத்தினார்கள். விநாடிக்கு 0.1 டிகிரி செல்சியஸ் மாறினாலே உடம்புக்கு இதமாகத் தெரிகிறது என்று கண்டார்கள். 15 மாதிரிகள் செய்தபின் விநாடிக்கு 0.4 டிகிரி வரை எட்டினார்கள். 5 விநாடி குளிர், 10 விநாடி ஓய்வு. அந்த ஓய்வில் ஹீட் சிங்க் ஆறும், பேட்டரியும் மிச்சமாகும். அதனால்தான் அவ்வளவு சின்னக் கருவி 8 மணி நேரம் வரை ஓடியது.

இப்படி விநாடி எண்ணுவதற்குத்தான் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சில்லில் அடங்கிய குட்டிக் கணினி. நீங்கள் ஆர்டுயினோ ஊனோ R3 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையை வைத்துச் செய்வதாக இருந்தால், வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரின் மின்னழுத்தத்தை அது 0 முதல் 1023 வரை 1024 படிகளாக அளந்து சொல்லும். அந்தப் பலகையின் ஒரு மின்முனையில் எடுக்கத்தக்கது 20 மில்லி ஆம்பியர்தான், தட்டுக்கோ ஆம்பியர் கணக்கில் வேண்டும். ஆகவே நடுவில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஒன்று சுவிட்சாக நிற்கும்.

உடம்பின் உள்வெப்பம் இதனால் இறங்காது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மணிக்கட்டுத் தட்டு எடுப்பது அதில் சொற்பம். வெயிலில் மயங்கியவருக்கு இதைக் கட்டிக் காத்திருக்கக் கூடாது. நிழல், உடம்பில் தண்ணீர், உடனே மருத்துவமனை.

நிரலில் இன்னொன்றையும் மறக்காமல் எழுதுங்கள். தெர்மிஸ்டர் வயர் அறுந்தால் அளவு 0 அல்லது 1023-இல் போய் நிற்கும். அப்படி வந்த உடனே மாஸ்ஃபெட் அணைய வேண்டும். தட்டு இருப்பது ஒருவர் தோல்மேல்.