இன்டர்ஃபேஸ் காணாமல் போனால் முதலில் கேபிளைத் தொடாதீர்கள்

இரவு ஒன்றரை மணிக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் லினக்ஸ் சர்வர், கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேட் முடிந்து ரீபூட் ஆகிவிட்டது, ஆனால் நெட்வொர்க் வரவில்லை. ட்யூட்டியில் இருந்த தம்பி நல்ல வேலைக்காரர், சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஃபைபர் பேட்ச் கேபிளை மாற்றினார், ஃபைபர் செருகும் மாட்யூலைக் கழற்றித் துடைத்து மாட்டினார், ஸ்விட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றினார். கடைசியாக ஃபைபரை எடுத்துவிட்டு அதே ரேக்கில் இருந்த இன்னொரு ஸ்விட்சுக்கு ஒரு காப்பர் டிஏசி கேபிளை (முனைகளோடு சேர்ந்தே வரும் செப்புக் கேபிள்) போட்டு ரீபூட் செய்தார். உடனே வந்துவிட்டது! "சார், ஃபைபர்தான் போயிடுச்சு, புது கேபிள் இழுக்கணும்" என்றார்.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அப்படித்தான் முடிவுக்கு வருவோம். ஆனால் ஃபைபர் நன்றாக இருந்தது, மாட்யூலும் நன்றாக இருந்தது, சர்வரின் நெட்வொர்க் கார்டும் அப்படித்தான். கதவைச் சாத்தியது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். அதுவும் தன் வேலையைத்தான் செய்தது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இப்படிப்பட்ட ராத்திரிகள் பாதியாகக் குறையும். ஃபைபர் கார்டில் நாம் செருகும் எஸ்எஃப்பி மாட்யூல் வெறும் லேசர் விளக்கு அல்ல, அதற்குள் ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. இந்த மாட்யூல் எந்த வகை, எத்தனை வேகம், யார் செய்தது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். டிரைவர் ஏறும்போது முதலில் அதைப் படிக்கிறது. பலருக்கும் பழக்கமான உதாரணம், இன்டெலின் 82599 சிப்புக்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர். இது அந்த நினைவகத்தின் 37 முதல் 39 வரையுள்ள மூன்று பைட்டுகளைப் பார்த்து, மாட்யூல் இன்டெலுடையதா என்று சோதிக்கிறது. இல்லையென்றால், அதோடு எந்த மாட்யூலையும் ஏற்கலாம் என்ற அனுமதி கார்டில் பதியப்பட்டிருக்கவில்லையென்றால், டிரைவர் அந்தப் போர்ட்டை ஏற்றவே ஏற்றாது. லிங்க் டவுன் என்றுகூடக் காட்டாது, இன்டர்ஃபேஸே, அதாவது சிஸ்டத்தில் அந்தப் போர்ட்டுக்கான பெயரே, இருக்காது. செருகிய கார்டுகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டு தெரியும், இன்டர்ஃபேஸ்களைக் காட்டும் ஐபி லிங்க் கட்டளையில் அது தெரியாது.

இதில் ஆளைக் குழப்பும் விஷயம் இரண்டு உண்டு. ஒன்று, மாட்யூலே செருகாமல் விட்டால் டிரைவர் ஒழுங்காக ஏறிவிடும், இன்டர்ஃபேஸும் தெரியும், பிடிக்காத மாட்யூலைச் செருகினால்தான் மறைந்துபோகும். இரண்டாவது, டிஏசி காப்பர் கேபிளுக்கு இந்தச் சோதனை கிடையாது, யார் செய்த கேபிளாக இருந்தாலும் டிரைவர் ஏற்றுக்கொள்ளும். அதனால் "காப்பர் போட்டால் வருகிறது, ஃபைபர் போட்டால் வரவில்லை, ஆகவே ஃபைபர் கெட்டுவிட்டது" என்ற தர்க்கம் இங்கே செல்லாது. இப்படி டிஏசி போட்டுப் பார்த்ததால் எத்தனை இடத்தில் நல்ல கேபிளைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

டிரைவர் இதையெல்லாம் மறைத்தா செய்கிறது? இல்லை. கெர்னல் லாகில், அதாவது டிமெஸ்க் அடித்தால் வரும் வரிகளில், ஆதரிக்கப்படாத மாட்யூல் வகை கண்டறியப்பட்டது, ஏற்ற மாட்யூலைப் போட்டு டிரைவரை மறுபடி ஏற்றுங்கள் என்று தெளிவாகவே எழுதி வைக்கிறது. அந்த ஒரு வரியைப் படிக்க அரை நிமிடம் போதும். அதைப் படிக்காமல் மூன்று மணி நேரம் கேபிள் மாற்றுகிறோம்.

சரி, அந்த மருத்துவமனையில் நேற்றுவரை எப்படி ஓடியது? ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவரில் அலவ் அன்சப்போர்ட்டட் எஸ்எஃப்பி என்றொரு அமைப்பு இருக்கிறது, அதை ஒன்று என்று வைத்தால் வேறு நிறுவன மாட்யூலையும் டிரைவர் ஏற்கும். ஏற்கும்போது, சோதிக்கப்படாத மாட்யூலால் கார்டுக்கோ மாட்யூலுக்கோ சேதம் வந்தால் பொறுப்பில்லை என்ற எச்சரிக்கையும் லாகில் விழும். அங்கே இருந்த டிரைவரிலும் இதே போன்ற ஓர் அமைப்புதான். முன்பு வேலை பார்த்த யாரோ அதைக் கையால் அடித்து டிரைவரை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார், கோப்பில் எழுதவில்லை. இரண்டு வருடம் சர்வரை யாரும் ரீபூட் செய்யவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கெர்னல் அப்டேட் எந்தத் தப்பும் செய்யவில்லை, ரீபூட் என்ற ஒன்று நடந்ததுதான் காரணம்.

வேறு நிறுவன மாட்யூல் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை வித்தியாசம் பெரியது, நானும் வாங்குகிறேன். ஆனால் வாங்கும்போதே கார்டின் பெயரைச் சொல்லி, அதற்கு ஏற்றபடி மாட்யூலின் நினைவகத்தில் கோடிங் செய்து தரச் சொல்லுங்கள். மாட்யூலை அந்தக் கார்டிலேயே போட்டு, ஒரு முறை ரீபூட் செய்து பார்த்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

இன்டர்ஃபேஸ் தெரிகிறது, லிங்க் விளக்கும் எரிகிறது, ஆனால் வேகம் இல்லை என்றால் அது வேறு கதை. அப்போதும் டிரைவரிடம்தான் கேட்க வேண்டும். எத்டூல் என்ற கட்டளையில் ஹைஃபன் எம் போட்டால் மாட்யூலுக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்று டிபிஎம் என்ற அளவில் காட்டும். 850 நானோமீட்டரில் ஓடும் 10 கிகாபிட் எஸ்ஆர் மாட்யூலுக்கு மைனஸ் 9.9, 1310 நானோமீட்டரில் ஓடும் எல்ஆர் மாட்யூலுக்கு மைனஸ் 14.4 என்பவை கீழ் எல்லை. மூன்று டிபி குறைந்தால் வெளிச்சம் பாதி என்று அர்த்தம். எல்லைக்குப் பக்கத்தில் நின்றால் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள், பாதிப் பிரச்சினை தூசிதான். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வெளிச்சம் வருகிறதா என்று ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். இந்த அலைநீளங்கள் கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதால் வரவில்லை என்று ஆகாது.

அப்புறம் அதே எத்டூலில் ஹைஃபன் பெரிய எஸ் போட்டால் டிரைவரின் கணக்குப் புத்தகமே வரும். அதில் சிஆர்சி பிழைகள், அதாவது வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகள், ஏறிக்கொண்டே போனால் வெளியே, ஃபைபர், மாட்யூல், கனெக்டர் பக்கம் பாருங்கள். மிஸ்டு பிழைகள் ஏறினால் பாக்கெட் கார்டுவரை நல்லபடியாக வந்துவிட்டது, சர்வர்தான் எடுத்துக்கொள்ளவில்லை. 10 கிகாபிட்டில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 1.488 கோடி வரை வரலாம், ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67.2 நானோநொடி. அந்த வெள்ளத்தைத் தேக்கி வைக்க ஐஎக்ஸ்ஜிபிஇ வழக்கமாக வைத்திருப்பது 512 இடங்கள் கொண்ட வளையம், அதைப் பல மடங்கு கூட்டலாம். கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். எட்டு லேன் (தரவுப் பாதை) வேண்டிய இரண்டு போர்ட் கார்டை நான்கு லேன் ஸ்லாட்டில் செருகிவிட்டு டிரைவரைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

அப்டேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து தனியாக இறக்கிப் போட்ட டிரைவர் என்றால், புது கெர்னலுக்கு அது மறுபடி கம்பைல் ஆனதா என்று ரீபூட்டுக்கு முன்பே பாருங்கள். கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவர் ஏறாது. மென்பொருள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2008இல் லினக்ஸ் 2.6.27 சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலரின் இன்டெல் கார்டுகளில், கார்டின் அமைப்புகளைத் தாங்கும் என்விஎம் நினைவகமே அழிந்துபோனது. அவை காப்பர் கார்டுகள், டிரைவரின் பெயர் இ1000இ. எல்லோரும் டிரைவரைச் சந்தேகித்தார்கள். கடைசியில் எஃப்டிரேஸ் என்ற கெர்னல் கருவி, ஏற்கெனவே காலியாகி வேறு வேலைக்குப் போன ஒரு நினைவக இடத்தில் எழுதியதுதான் காரணம் என்று தெரிந்தது. அந்த இடம் அப்போது கார்டின் நினைவகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. நோயாளிகளின் படங்கள் இருக்கும் சர்வரில் சோதனைக் கெர்னலை ஓட்டாதீர்கள் என்று நான் சண்டை போடுவது இதனால்தான்.

அந்த ராத்திரி போனிலேயே அமைப்பை, டிரைவர் ஏறும்போது படிக்கப்படும் மோட்புரோப் கோப்பில் எழுத வைத்தேன், பூட்டில் முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி உருவாக்கச் சொன்னேன், இல்லையென்றால் கோப்பில் எழுதியது அங்கே போய்ச் சேராமல் போகலாம். மூன்றே கால் மணிக்கு ஃபைபர் வந்தது. "இப்போ இன்னொரு தடவை ரீபூட் பண்ணுங்க தம்பி" என்றேன். தயங்கினார், ஓடுகிற சர்வரை யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும். பண்ணினார். நான்கு நிமிடம் இரண்டு பேரும் போனில் ஒன்றும் பேசவில்லை. வந்துவிட்டது.