பத்துக்குப் பத்து அறையின் சுருதி

செங்கோட்டை, புளியரைப் பக்கம் பழைய ஓட்டு வீட்டை ஒட்டிப் பிற்பாடு எழுப்பிய கான்கிரீட் அறைகளைப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் கிட்டத்தட்ட பத்தடி. சாமான் ஏற்றாத அப்படியோர் அறையில் நின்று, 'ம்ம்ம்' என்று கீழிருந்து மெல்லக் குரலை உயர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் சுவர்களும் சேர்ந்து முனகும். அது அந்த அறையின் சுருதி. இந்த ஒன்றை மட்டும் நம்பி 1969இல் ஒரு முழுப் படைப்பையே உருவாக்கினார் அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர்.

1931இல் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் நாஷுவாவில் பிறந்தவர், 2021இல் மறைந்தார். 1965இல் தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, மூளையின் ஆல்ஃபா அலைகளைப் பெருக்கி, ஸ்பீக்கர்களின் அதிர்வால் தாளக்கருவிகளை ஒலிக்கவைத்தார். பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் கற்பித்தார். டி. ரங்கநாதன் மிருதங்கமும் டி. விஸ்வநாதன் புல்லாங்குழலும் சொல்லிக்கொடுத்த அதே இடம்தான்.

அவருடைய 'நான் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறேன்' படைப்பின் செய்முறை எளிமையானது. ஒரு பத்தியை வாசித்து டேப்பில் பதிய வேண்டும். அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிய வேண்டும். அந்தப் பதிவை மீண்டும் ஒலிக்கவிட வேண்டும். 1981இல் வெளியான பதிவில் இப்படி 32 சுற்றுகள் உண்டு. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் அமர் போஸ் தன் ஸ்பீக்கர்களைச் சோதிக்க இதுபோல ஒலியைச் சுழற்சியில் விட்டார் என்று காதில் விழுந்த செய்திதான் தூண்டுதல் என லூசியர் சொல்லியிருக்கிறார். லூசியருக்குத் திக்குவாய் உண்டு. சுற்றுகள் ஏற ஏற அந்தத் திக்கலும் கரைந்து சமனாகிவிடும் என்பதை வாசிக்கும் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். மனதைத் தொடும் இடம் அது.

ஏன் கரைகிறது? 28 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் ஓடும். பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலி எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்ப 6.1 மீட்டர். 348ஐ 6.1ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு. அதன் மடங்குகளான 114, 171 ஆகியவற்றிலும் போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வலுக்கும். 114 ஹெர்ட்ஸ் என்பது, கீழ் ஸ்தாயியில், ஆறு கட்டைக்கும் ஆறரைக் கட்டைக்கும் இடைப்பட்ட சுருதி. ஆண்குரல் சாதாரணமாகப் பேசும் எல்லைக்குள் வருவது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையும் அதே எண்களில்தான் ஒலிக்கும். அதனால்தான் பத்துக்குப் பத்து அறை பிடிவாதமாக ஒரே சுருதியில் முனகுகிறது. பத்தடி உயர, இருபதுக்குப் பன்னிரண்டு ஹாலில் 28.5, 47.5, 57 என்று அடிப்படைகள் பிரிந்துவிடும். கேட்க அதுவே அழகு.

மற்றது வட்டிக்கு வட்டி கணக்கு. ஒரு சுற்றில் 114 ஹெர்ட்ஸ் தன் அண்டை ஒலிகளைவிட 3 டெசிபல் மட்டும் கூடுதலாகப் பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு அது பெரிய வித்தியாசமில்லை. பத்துச் சுற்றில் அது 30 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு ஆற்றல். முதலில் ச, ஸ, த போன்ற மெய்யொலிகள் மங்கும். பேச்சின் ஏற்ற இறக்கத் தாளம் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கடைசியில் மிஞ்சுவது நீண்ட மணியோசை போன்ற சுரங்கள்.

செய்து பார்க்க ஒரு கைப்பேசியும் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரும் போதும். சின்ன புளூடூத் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் பேசாது. அப்போது மேல் மடங்குகள்தான் கேட்கும். கைப்பேசியை அறையின் நட்டநடுவில் வைக்கக் கூடாது: 57 ஹெர்ட்ஸின் அழுத்த மாற்றம் அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம். மூலைக்கு அருகில் எல்லா அலைகளும் வலுவாக இருக்கும். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீடிக்கும் சுரத்தை இரைச்சல் என்று எண்ணிக் கைப்பேசியே வெட்டிவிடும். பெரும்பாலான முயற்சிகள் கெடுவது இங்கேதான். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகச் சேமிக்கவும். ஒவ்வொரு சுற்றிலும் பதிவின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும் (பூஜ்யம்தான் எல்லை). பூஜ்யத்தைத் தாண்டி அலையின் முகடு வெட்டுப்பட்டால் அறைக்குச் சொந்தமில்லாத கரகரப்பு முளைத்து, அதுவும் சுற்றுக்குச் சுற்று கூடவே வரும்.

எல்லாச் சுற்றையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். வெப்பம் 5 டிகிரி மாறினால் 114 ஹெர்ட்ஸ் சுமார் ஒரு ஹெர்ட்ஸ் நகரும். எதிரொலி ஒரு நொடி நீடிக்கும் அறையில் ஒரு சுரத்தின் அகலமே இரண்டு ஹெர்ட்ஸ் சொச்சம்தான். காலையில் ஏற்றி வைத்ததை மதியம் தொடர்ந்தால் பாதி கலைந்துவிடும். கதவைத் திறந்து மூடினாலும், கூட ஓர் ஆள் வந்து நின்றாலும் இதே கதைதான்.

ஓட்டு வீட்டில் இது அவ்வளவாக எடுபடாது. ஓட்டு இடுக்குகள் வழியாக ஒலி வெளியேறும்; மச்சுப் பலகை தானும் அதிர்ந்து தாழ்ந்த ஒலியை விழுங்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிச் சாரலும் ஒரு சிக்கல். ஓட்டின்மேல் விழும் சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பதிந்து, அதுவும் சுரமாக உருண்டு, பேச்சின் தாளத்தைச் சீக்கிரமே மூடிவிடும். பூசிய சிமென்ட் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் ஸ்பீக்கரையும் கைப்பேசியையும் மட்டும் அதற்குள் இறக்கிப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் நீளத் தொட்டியின் முதல் சுருதி 116 ஹெர்ட்ஸ். சுவர் ஒலியை உறிஞ்சாததால் அறையைவிடக் குறைந்த சுற்றுகளிலேயே சொற்கள் கரைந்துவிடும்.