குதிரைக்குச் சம்மதமா?

காலிமுகத்திடலில் ஒரு மாலை, பொலிஸ் குதிரையொன்று எங்களைக் கடந்து போனது. இறால் வடை கடித்துக்கொண்டிருந்த அக்காவின் மகள் கேட்டாள்: "மாமா, அதுக்குப் போக விருப்பமா?" "விருப்பமில்லாட்டிப் போகுமா?" என்றேன். அவசரப்பட்டுச் சொன்ன பதில்.

குதிரையின் எடை ஏறத்தாழ 500 கிலோ. பலத்தால் அதை நகர்த்த ஆளில்லை. ஆனால் ஓர் ஈ உட்கார்ந்தாலும் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டிவிடும். தொடு உணர்வு அவ்வளவு நுட்பம். சவாரியே அதை நம்பித்தான் நடக்கிறது. சவாரி செய்பவர் காலால் விலாவை அழுத்துகிறார். குதிரைக்கு அது தொல்லை. ஓரடி எடுத்து வைத்ததும் அழுத்தம் போய்விடுகிறது. கடிவாளமும் அப்படித்தான்: நின்றால் வார் தளரும். ஆக, பாடம் மனதில் பதிவது விடுகிற அந்த நொடியில். விடத் தாமதித்தால் குதிரை குழம்பும். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அதைக் கணக்கெடுப்பதையே நிறுத்திவிடும். அப்புறம் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வேறு வைப்போம்!

இப்படிப் பழகிய குதிரை சொன்னபடி கேட்பதை வைத்து அதன் விருப்பத்தைக் கண்டுபிடிக்க முடியாது. 'மாட்டேன்' என்று சொல்ல அதற்கு ஒரு வழி வேண்டும். நோர்வே ஆய்வாளர்கள் அந்த வழியைத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 23 குதிரைகள். முன்னால் சில பலகைகள்: கிடைக்கோடு போட்டதை மூக்கால் தொட்டால் முதுகில் போர்வை போடுவார்கள், செங்குத்துக் கோட்டைத் தொட்டால் எடுப்பார்கள், வெற்றுப் பலகை என்றால் இருப்பது இருக்கட்டும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடப் பயிற்சிதான். இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரைகளும் கற்றுக்கொண்டன. எதைத் தொட்டாலும் கரட் துண்டு உண்டு என்பதால், தின்பண்டத்துக்காகத் தொட்டன என்று தள்ளிவிட முடியாது. மழையும் குளிர்காற்றும் அடித்த நாட்களில் போர்வை கேட்டன. வெயில் நாளில் வேண்டாம் என்றன.

சரி, போர்வைக்குப் பலகை வைத்தாயிற்று. முதுகில் ஏறும் மனிதனுக்கு யாரும் பலகை வைப்பதில்லை. அங்கே உடல்மொழிதான் பலகை. சேணத்தைக் கண்டதும் விலகுவது, வார் இறுக்கும்போது கடிக்க வருவது, காதைப் பின்னால் மடக்குவது, வாலை விசிறி அடிப்பது.

அடுத்த முறை அந்தக் குதிரை வந்தபோது இருவரும் அதன் வாலையும் காதையும் பார்த்தோம். வால் சும்மா தொங்கியது. காதுகள் மட்டும், பட்டம் விடும் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருந்தன.