பழனிக்குப் புறப்படும் எட்டு மாதக் குழந்தை

குழந்தை பிறந்துவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு ஊர்ப்பயணமே கிடையாது என்று தாங்களாகவே முடிவுகட்டும் பெற்றோரையும், முன்பு சென்ற அதே வேகத்தில் இப்போதும் போய்வந்துவிடலாம் என்று கிளம்பும் பெற்றோரையும் குழந்தைநல மருத்துவராக நான் அடிக்கடிப் பார்க்கிறேன். இரு தரப்பாருக்கும் பயம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பயப்பட வேண்டிய இடத்தில் இருப்பதில்லை.

அண்மையில் சென்னைத் தம்பதியர் ஒருவர் எட்டு மாதம் நிறைந்த மகளுடன் வந்தனர். பழனியில் மொட்டை போட்டுவிட்டு, அன்றே கொடைக்கானல் ஏறி, மறுநாள் இரவு வீடு திரும்ப வாடகைக் கார் பேசியிருந்தார்கள். மலைக்காற்று ஒத்துக்கொள்ளுமா, தண்ணீர் மாறினால் சளி பிடிக்குமா என்பவையே அவர்கள் கேட்ட கேள்விகள். கார் எப்படிப் போகும், குழந்தை எங்கே உட்காரும் என்பதை நான்தான் கேட்க வேண்டியிருந்தது. “அம்மா மடியில்தான் டாக்டர், முன் சீட்டில், அங்கேதான் ஏ.சி. நன்றாக வரும்” என்றார் தந்தை.

முன் இருக்கையில் மடியில் அமர்ந்த குழந்தைக்கு நேர் எதிரே இருப்பது ஏர்பேக். பெரியவரின் மார்பைக் கணக்கிட்டு வெடித்து விரியும் அது, குழந்தையின் தலையையும் கழுத்தையும் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. பின் இருக்கைக்கு மாறினாலும் மடி பாதுகாப்பாகிவிடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், எட்டுக் கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இயலாது. பின் இருக்கையில், வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தப்படும், குழந்தைகளுக்கென்றே செய்த தனிக் கார் சீட்தான் இந்த வயதுக்குரியது. தொட்டிலுக்கும் பொம்மைக்கும் செலவிடும் நாம் இதற்கு மட்டும் ஏனோ கணக்குப் பார்க்கிறோம். அது கிடைக்காவிட்டால் நெடுந்தூரத்தை ரயிலில் கடப்பதே மேல். சென்னையிலிருந்து பழனி வழியாகப் பாலக்காடு செல்லும் இரவு ரயில் இருக்கிறது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமும் இல்லை.

அடுத்தது, யாருமே கேட்காத பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், ஏலக்காய் ஆகியவற்றோடு தேனும் சேர்ந்த பிரசாதம் அது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கலாம். மலச்சிக்கலும், மெலிந்த அழுகையும், துவண்ட கழுத்துமாகத் தொடங்கும் அந்நோய் அரிதுதான், ஆனால் மூச்சையே முடக்கக்கூடியது. பிறந்தவுடன் தேனால் சேனை வைப்பதையும் இதே காரணத்துக்காகவே வேண்டாம் என்கிறோம். பிரசாதத்தை மறுப்பதா என்று மனம் கூசும் பாட்டிமார், குழந்தையின் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டுப் பஞ்சாமிர்தத்தைத் தாங்கள் உண்ணலாம். மொட்டைக்குப் புதிய பிளேடு போடச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்; பிறகு வெயிலில் இறங்கும்போது மெல்லிய பருத்தித் தொப்பி போதும்.

தண்ணீரைப் பற்றிய பயம் நியாயமானதே. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குக் கோடையிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்பதால், அந்த வயதில் பயணம் உண்மையில் எளிது. திட உணவு தொடங்கிய பிறகு கொதித்து ஆறிய நீரும், அப்போதே மசித்த வாழைப்பழமும், கண்முன் வெந்த இட்லியும் போதுமானவை. வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். ஆனால் ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்து, இரத்தத்தில் உப்பு ஏறிய நிலையில் வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். 200 மில்லிலிட்டருக்கும் 1 லிட்டருக்கும் தனித்தனிப் பொட்டலங்கள் விற்கப்படுவதால், அளவைப் படித்து முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

மலைக்காற்றுக்கு வருவோம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், ஆரோக்கியமான குழந்தைக்குக் காற்றழுத்தக் குறைவால் பொதுவாகத் தொல்லை வருவதில்லை. மலையேறி இறங்கும்போது காது அடைக்கும், அவ்வளவே. வண்டியை ஓரமாக நிறுத்திப் பால் கொடுத்தால், விழுங்கும்போது காதின் உட்குழாய் திறந்து வலி தணியும். விமானம் தரையிறங்கும்போதும் இதே வழிதான். சளியோ காதுவலியோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அந்தத் தம்பதியரிடம் நான் மாற்றச் சொன்னது ஊரையல்ல, நாட்கணக்கை. 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் போட்டுக்கொண்டு, பதினோராம் மாதத்தில், கிருத்திகைக் கூட்டமில்லாத ஒரு வாரநாளில் புறப்பட்டார்கள். பழனியிலேயே இரண்டு இரவுகள் தங்கி, படியேறாமல் விஞ்ச் எனும் இழுவை ரயிலில் மேலே சென்றுவந்தார்கள். கொடைக்கானலை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். கார் சீட் வாங்கிவிட்டதாகத் தந்தை சொன்னார். முன் இருக்கையில் இப்போது பாட்டி அமர்கிறாராம், சீட் பெல்ட்டுடன்.