முறைக்காய்ச்சல் எப்படி முறை வைக்கிறது?

சித்திக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ராயபுரம் வீட்டில், சித்திரை வெயிலில், மூன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். பல் கிடுகிடுவென்று அடிக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது. ஒரு மணி நேரத்தில் போர்வையை உதறிவிட்டு விசிறச் சொன்னார். உடம்பு அனலாய்க் கொதித்தது. பிறகு தலையணை நனைய வியர்த்து ஓய்ந்தது. மறுநாள் எழுந்து வழக்கம்போலக் குழம்பு வைத்தார். அதற்கடுத்த நாள், ஏறக்குறைய அதே நேரத்தில், மறுபடி குளிர்.

முறை வைத்து வருவதால் பெரியவர்கள் இதை முறைக்காய்ச்சல் என்றார்கள். இதன் இன்னொரு பெயரான மலேரியாவுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். நோய்க்குத் தப்பான காரணம் சொல்லும் பெயர். நம் சொல் நோயின் நடத்தையைப் பார்த்து வைத்தது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

முறை வைப்பது பிளாஸ்மோடியம் என்ற புரோட்டோசோவா, ஒரே செல்லால் ஆன உயிரி. 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரன் அதை நோயாளியின் ரத்தத்தில் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதையே கொசுவின் வயிற்றில் கண்டார்.

பெண் அனோபிலஸ் கொசு கடிக்கும்போது எச்சிலோடு ஒட்டுண்ணிகள் உள்ளே வருகின்றன. கொஞ்ச நேரத்தில் கல்லீரலுக்குப் போய்ச் செல்களுக்குள் புகுந்துகொள்கின்றன. அங்கே ஒன்று ஆயிரக்கணக்காகப் பெருகும். ஒரு வாரத்துக்கு மேல் இது நடந்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு ரத்தத்துக்கு வந்து, ஆளுக்கொரு சிவப்பணுவைப் பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின்தான் சாப்பாடு. அதைச் செரித்தால் மிஞ்சும் ஹீம் ஒட்டுண்ணிக்கே நஞ்சு. அதனால் அதைப் பழுப்புப் படிகமாகக் கட்டி ஒதுக்கி வைக்கிறது. குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கைவைப்பது இங்கேதான்: படிகமாக விடாது. தன் கழிவே ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும்.

மருந்து இல்லாவிட்டால் ஒட்டுண்ணி பத்து, இருபதாகப் பிரிந்து சிவப்பணுவை உடைத்து வெளியே வரும். பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற வகைக்கு இந்தச் சுற்று 48 மணி நேரம். முதல் சில நாள் காய்ச்சல் ஒழுங்கில்லாமல் வரும். பிறகு பெரும்பாலானவை ஒரே வேளையில் உடைக்கத் தொடங்கும். படிகமும் செல் குப்பையும் மொத்தமாக ரத்தத்தில் கொட்ட, நோய் எதிர்ப்புச் செல்கள் அபாயச் செய்தி அனுப்புகின்றன. மூளை, உடல் சூடு 40 டிகிரி செல்சியஸுக்குப் போகட்டும் என்று அளவை ஏற்றி வைக்கிறது. அந்தப் புது அளவுக்கு 37 டிகிரி போதாது. எனவே குளிர்கிறது, தசைகள் நடுங்கிச் சூடு உண்டாக்குகின்றன. சித்திரையிலும் போர்வை கேட்டது இதனால்தான். காய்ச்சல் வந்த வேளையும் செல்கள் உடைந்த வேளையும் ஒன்றே என்று 1880களில் இத்தாலியில் கண்டு சொன்னவர் கமில்லோ கோல்கி.

பால்சிபாரம் என்ற இன்னொரு வகை இந்த முறைக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. அது புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் அப்படி அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

சித்திக்கு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது. 14 நாள் சாப்பிடச் சொன்ன மாத்திரையில் மீதி அட்டை அலமாரியிலேயே கிடந்தது. மூன்று மாதம் கழித்து, புதுக் கொசுக்கடி இல்லாமலேகூட வரக்கூடிய அதே காய்ச்சல் வந்தது. வைவாக்ஸில் சில ஒட்டுண்ணிகள் கல்லீரலிலேயே உறங்கிவிடும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பவற்றைத்தான் கொல்லும். உறங்குபவற்றை எட்ட பிரைமாகுயின் வேண்டும். அதுதான் அந்த 14 நாள் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கும், ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கும் அது கேடு செய்யும் என்பதால் மருத்துவர் கேட்டறிந்தே தருவார்.

சென்னையில் இதைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி, சாக்கடையைத் தேடாது. நல்ல தண்ணீர்தான் வேண்டும்: கிணறு, மூடாத மாடித் தொட்டி. தொட்டியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கொசுப்புழு தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. நீர்ப்பரப்பை ஒட்டி, மிதக்கும் துரும்பு போலப் படுத்துக் கிடந்தால் அது அனோபிலஸ்.