"எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர்"

முப்பது வயதுப் பெண். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.2; இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு, அதாவது ரத்தசோகை. "களைப்பா இருக்கா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லை டாக்டர்" என்றார். பக்கத்தில் நின்ற மாமியாரும் அதையே சொன்னார்.

மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வியை மாற்றினேன். குடத்தோடு மாடி ஏறும்போது எத்தனை தடவை நிற்பீங்க? "ரெண்டு தடவை." பச்சரிசி தின்னத் தோணுதா? தலையைக் குனிந்துகொண்டு, "தினமும் ரெண்டு கை" என்றார். (இரும்புச்சத்துக் குறைந்தால் பலருக்கு இப்படித் தோன்றும், வெட்கப்பட ஒன்றுமில்லை.) மீன் வாங்கினால் எந்தத் துண்டு உங்களுக்கு? "எனக்குத் தலைதான் பிடிக்கும்." கல்யாணத்துக்கு முன்னாடி? கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பா எனக்குத்தான் நடுத்துண்டு வைப்பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. நடுத்துண்டு உனக்குக் கிடையாது என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதுமில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதையே பத்து வருஷம் சாப்பிட்டால், அதுவே தன் விருப்பம் என்று மனசு பழகிவிடுகிறது. களைப்பும் அப்படித்தான், பொம்பளை உடம்பென்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஆகிவிடுகிறது. மாமியார்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் பரிசோதித்தேன்: 8.4. அவரும் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொன்னார்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஒரு கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டுவார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், 1944-இல், கல்கத்தா பக்கத்தில் சிங்கூரில் எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தப் பெண்களா ஆரோக்கியமாக இருந்திருப்பார்கள்?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதனால், "நல்லா இருக்கேன்" என்று வீட்டுப் பெண்கள் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவரிடம் அவர்கள் தனியாகப் பேச இடம் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட வேண்டாம்.

அடுத்த முறை கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்பதை அவரிடமும் பேச வேண்டும்.